நூற்றிமுப்பது படலை

கடைக்காரப் பெடியன் மைலேஜில் தொடங்கினான்.
நான் சீற்றின் உயரத்தில்.
"எத்தினை சென்ரிமீற்றர்?"
தாளை முன்னும் பின்னும் புரட்டினான்.
ஆறு நிறத்துக்கும் பெயர் சொல்லத் தெரிந்தவனுக்கு
அது மட்டும் தெரியவில்லை.
சட்டைப் பையிலிருந்து
தவமலரின் தையல் நாடாவை எடுத்தேன்.
குனிந்து பிடிக்க முழங்கால் விடவில்லை.
அவன்தான் பிடித்தான்:
எழுபத்தாறு.

மின்சார சபைக்கு மீற்றர் வாசிக்கிறவன் நான்.
ஆனைக்கோட்டை, நவாலி, அராலி.
நாளொன்றுக்கு நூற்றிமுப்பது படலை.
ஒவ்வொன்றிலும் இறங்கவேணும்,
ஒவ்வொன்றிலும் ஏறவேணும்.
இருநூற்றி அறுபது தரம்
இடது முழங்காலிடம் உத்தரவு கேட்கவேணும்.

பழைய பைக்கில் காலைச் சுழற்றி அங்கால் போட
பின்னால் கட்டிய பை இடிக்கும்.
போன மாசி, நவாலியில்,
கால் பாதித் தூக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது.
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.
மதிலுக்குள் நின்ற நாய்
குலைக்கவும் மறந்து
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எவடத்தில பட்டது அண்ணை?"
பெடியன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.
எல்லாரும் இப்படித்தான்,
ஒரு வருசத்தையும் ஓர் ஊரையும் எதிர்பார்த்து.
"எங்கயும் படேல்லை தம்பி. தேஞ்சு போச்சு."
அவன் முகம் கொஞ்சம் வாடிற்று.
கதையில்லாத நோவுக்கு
இங்கே ஆரும் கதிரை இழுத்துப் போடுவதில்லை.

ஸ்கூட்டியில் ஏறுவது
வாசற்படி கடக்கிற மாதிரி.
கியர் இல்லை, கிளச் இல்லை.
தவமலருக்கும் அதுதான் விருப்பம்,
மானிப்பாய்ச் சந்தைக்குத் தானே போகலாமாம்.
ஓடிப் பார்க்கத் தந்தார்கள்.
கல்லுண்டாய் வெளிவரை நல்லாத்தான் போனது.
அங்கே காற்று பக்கத்தால் வந்து தள்ள,
சின்ன ரயர் தடுமாற,
ஊன்றக் கூடாத கால் ஊன்றிக்கொண்டது.
அதற்கு முதலே
மடித்து வைத்த முழங்கால் கிறீச்சிட்டது,
சாமானை அடைத்துப் பூட்டிய பெட்டிபோல.
நீட்ட இடமில்லை.
தெருவோரம் இறங்கி
உப்புத் தண்ணியில் நின்ற கொக்குகளைப் பார்த்தேன்.
ஒற்றைக் காலில் எவ்வளவு சுகமாக நிற்குதுகள்.

நாவாந்துறையில் சூசைதாசனின் கராஜ்.
மூலையில் ஒரு சி.தொண்ணூறு,
என் மகளை விட மூத்தது,
சீற்றில் கோழி இருந்த அடையாளம்.
"விக்கிறதுக்கில்லை" என்றான் முதலில்.
பிறகு நான் நடக்கிறதைப் பார்த்தான்.

நடுவால் காலை விட்டு ஏறலாம்.
சக்கரம் பெரிசு, காற்றுக்குத் தாங்கும்.
கியரை விரலால் கிளப்பத் தேவையில்லை:
முன்பக்கம் மிதித்தால் ஏறும்,
குதியால் பின்பக்கம் மிதித்தால் இறங்கும்.
எனக்கு மிதிக்கலாம். கிளப்பத்தான் ஏலாது.
இதை டொக்டருக்குச் சொல்லி விளங்கப்படுத்த
மூன்று கிளினிக் எடுத்தது.
சூசைதாசன் ஒரு மிதியில் விளங்கிக்கொண்டான்.
கிக்கர் வலப்பக்கம்.
வலது கால் இன்னும் சர்வீசில் இருக்கிறது,
இடதுதான் பென்சனுக்கு எழுதிப்போட்டுவிட்டது.

தவமலர் இரண்டு நாள் கதைக்கவில்லை.
மூன்றாம் நாள்
சீற்றை விம் போட்டுத் தேய்த்தாள்.
"கிளச் இல்லைத்தானே?" என்றாள்,
என்னைப் பாராமல்.

திங்கட்கிழமை முதல் ஓட்டம்.
முன்பெல்லாம் முப்பதாவது படலையில்
முழங்கால் வாய் திறக்கும்.
இன்று எண்பத்தேழில்.
திறந்ததுதான். இல்லையென்று சொல்லமாட்டேன்.
மீற்றர் இலக்கத்தை எழுதும்போது
மதிலில் சாய்ந்து நின்றேன்,
ஒன்பதா நாலா என்று மயக்கமாக இருந்தது.

நவாலியில் அதே வீடு.
நிறுத்தி, இறங்கி,
படலைக் கொளுக்கியில் கை வைக்கமுதல்
நாய் ஓடிவந்து
குலைத்தது.